அதே விநாடியில் அழுத்திய கை

அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்தாறு வயது, மூன்றாம் மாடி சர்வர் அறைக்கு முழுப் பொறுப்பு, கைக்குக் கீழே ஆறு பேர். எல்லாம் இருந்தும் என்ன, ஒருநாள் அவளுடைய நாத்தனார் கட்டுப்பாட்டு அறையில் வேலைக்குச் சேர்ந்து வாய் நிறைய ‘அண்ணி’ என்று கூப்பிட, அது அப்படியே மாடி மாடியாகத் தொற்றிக்கொண்டது. மேலாளர்கூட வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, எதுவானாலும் அண்ணியைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்பார். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். உறவுமுறை சொல்லிக் கூப்பிடப்படுகிறவள் தப்புச் செய்யமாட்டாள் என்று ஒரு நினைப்பு நாலு பேருக்கு எப்படியோ வந்துவிடுகிறது. நாளாக ஆக அது அவளுக்கே வந்துவிட்டது.

நாத்தனாருக்கு வீட்டில் ‘சின்னவள்’ என்று பேர். நாற்பத்தொன்று ஆகியும் சின்னவள்தான். கணவன் கப்பலில் வேலை, மகள் கல்லூரி விடுதியில், அண்ணியின் வீட்டு மாடிப் பகுதியில் தனியாக இருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் கணினி வகுப்புக்குப் போய், அண்ணியின் சிபாரிசில் இந்த வேலைக்கு வந்தவள். கதவைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ரகம். கட்டுப்பாட்டு அறைக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று சொல்லித்தான் அண்ணி அவளைச் சேர்த்துவிட்டாள்.

அது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். நகரத்தில் பதினொரு கிளைகள். அத்தனை கிளைகளின் முடிவுகளும் வந்து சேருவது அந்த மூன்றாம் மாடியில் குளிரூட்டிய அறையில் நின்ற ஐந்து சர்வர்களுக்கு. நோயாளிகளின் விவரம் வெளியே போகக்கூடாது என்று, ஊரான் இடத்தில் கொண்டுபோய் வைக்காமல், தங்கள் கட்டடத்துக்குள்ளேயே சொந்தமாக வைத்துக்கொண்ட கிளவுட். அதற்கு ஒரு அலாரம் சேவை வேண்டும் என்று தலைமை மருத்துவர் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அதை நிறுவினாள்.

அலாரத்தின் வேலை எளிது. நிமிஷத்துக்கு ஒருமுறை ஐந்து சர்வர்களையும் தொட்டுப் பார்க்கும். சூடு எவ்வளவு, டிஸ்கில் இடம் எவ்வளவு, ஏதாவது திணறுகிறதா என்று. எல்லை தாண்டினால் கட்டுப்பாட்டு அறைத் திரையில் சிவப்பு எழுத்து வரும், மணி அடிக்கும், பணியில் இருப்பவரின் கைப்பேசியும் கூடவே அலறும். அவர் ‘பார்த்தேன்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ஐந்து நிமிஷத்துக்குள் அழுத்தாவிட்டால் அலாரம் அண்ணிக்குப் போகும். அண்ணியும் அழுத்தாவிட்டால் மேலாளருக்குப் போகும். யாராவது அழுத்திவிட்டால் அதன்பின் அந்த அலாரம் வாய் திறக்காது. பார்த்தவர் கவனித்துக்கொள்வார் என்று அது நம்பிவிடும். பாவம், நேற்று வந்த மெஷின், மனிதர்களைப் பற்றி அதற்கு என்ன தெரியும்.

சோதனை வாரத்தில் அது எல்லோர் உயிரையும் வாங்கியது. எல்லைகளை அண்ணி கொஞ்சம் கறாராக வைத்துவிட்டாள். ஒருநாளைக்கு முந்நூறு தடவை அடித்தது. பக்கத்தில் யாராவது தும்மினால்கூட அடிக்கும் என்று ஊழியர்கள் கேலி பேசினார்கள். அழுத்தி அழுத்திச் சின்னவளுக்கு விரல் வலித்தது. அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனால், அது படியேறி அண்ணியைத் தாண்டி மேலாளரிடம் போய் நிற்கும். பல் வைத்தியர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்த மேலாளரின் சட்டைப்பை பத்து நிமிஷத்தில் ஒன்பது தடவை அலறியது. மறுநாள் அவர் வீங்கின கன்னத்தோடு வந்து, வெள்ளிக்கிழமை தலைமை மருத்துவர் இதைப் பார்க்க வருகிறார், அதற்குள் அடக்கி வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதிகமாக அடித்தது டிஸ்க் அலாரம்தான். எல்லைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய நேரம் வேண்டும், அதுவரை சத்தம் வரக்கூடாது. ஆகவே அண்ணி ஒரு சின்ன விதி எழுதினாள். டிஸ்க் அலாரம் வந்த கையோடு ‘பார்த்தேன்’ என்று அதுவே அழுத்திக்கொள்ளட்டும். நாலே வரி. ஆனால் அழுத்துவதற்கு ஒரு பெயர் வேண்டும், அதுவும் முதல் படியில், கட்டுப்பாட்டு அறையில் மாறி மாறிப் பணியில் இருக்கும் மூவரில் ஒருவருடைய பெயராக இருக்கவேண்டும் என்று அந்த மென்பொருள் கேட்டது. மற்ற இருவரில் ஒருவர் பெயரைப் போடுவதாக இருந்தால் அவள் எழுந்துபோய், இப்படிச் செய்யப்போகிறேன், சரியா என்று கேட்டிருப்பாள். சின்னவளிடம் என்ன கேட்பது, வீட்டு ஆள்தானே. அவளுடைய பெயரைப் போட்டாள். விதிக்குத் ‘தற்காலிகம்’ என்று தலைப்பும் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிடுவதாக எண்ணம்.

வெள்ளிக்கிழமை தலைமை மருத்துவர் வந்தார். அண்ணி வேண்டுமென்றே ஒரு சர்வரின் விசிறியை நிறுத்திக் காட்டினாள். மணி அடித்தது, சிவப்பு வந்தது, சின்னவள் அழுத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள். தலைமை மருத்துவர் அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கி, இனிமேல்தான் நிம்மதியாகத் தூங்குவேன் என்றார். அந்தச் சந்தோஷத்தில் நாலு வரி யாருக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த வாரம் எல்லைகளைத் திருத்தினாள், கேலி நின்றது, மூன்று மாதம் டிஸ்க் எல்லையை எட்டவே இல்லை. விதி இருந்த இடத்தில் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டியது. பழைய நகல்களைத் தானாக அழிக்கவேண்டிய ஒரு நிரல் எங்கோ சிக்கி நின்றுபோக, டிஸ்க் மளமளவென்று நிறைந்தது. பத்து நாற்பத்திரண்டுக்கு எல்லை தாண்டியது. பதினொன்றரைக்கு ஊசி நுழையவும் இடமில்லை. அதன்பின் கிளைகளிலிருந்து வந்த முடிவுகள் எதுவும் சேரவில்லை. கருவிகள் பாட்டுக்குச் சோதித்து அனுப்பிவிட்டு, அனுப்பியதைத் தம்மிடமிருந்து அழித்தும்விட்டன. சின்னவள் திரைக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். சிவப்பு வரவில்லை, மணி அடிக்கவில்லை. இரண்டு மணிக்கு ஒரு கிளையிலிருந்து தொலைபேசி வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. நூற்றெண்பத்தாறு பேருடைய முடிவுகள் இல்லை. எடுத்த சில மணி நேரத்துக்குள் பார்த்தாகவேண்டிய ரத்தம் அது. நூற்றெண்பத்தாறு பேரும் திரும்ப வந்து கையை நீட்டவேண்டும்.

அண்ணி இருபது நிமிஷத்தில் டிஸ்கைக் காலி செய்து எல்லாவற்றையும் ஓடவைத்தாள். வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. பிறகு தன் அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அலாரப் பதிவைத் திறந்தாள். ஒரே ஒரு வரி. டிஸ்க் அலாரம் வந்தது, பத்து நாற்பத்திரண்டு, ஏழாவது விநாடி. ‘பார்த்தேன்’ அழுத்தப்பட்டது, பத்து நாற்பத்திரண்டு, ஏழாவது விநாடி. அழுத்தியவர் சின்னவள்.

வந்த அதே விநாடியில் அழுத்த எந்த மனிதக் கையாலும் முடியாது. அவளுக்கு அந்த நாலு வரியும் எழுத்துப் பிசகாமல் ஞாபகம் வந்தது. அடுத்து அவள் செய்ததை அவள் பிற்பாடு எத்தனையோ விதமாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், எந்த விதத்திலும் அது நன்றாக இல்லை. யாரையும் கூப்பிடவில்லை. அந்த விதியை எடுத்துப் போட்டாள். கோளாறைச் சரிசெய்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். சரிசெய்கிறவள் எதற்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று கேட்க அப்போது அங்கே யாருமில்லை.

மேலாளர் மறுநாள் விசாரணைக்கு ஒரே பக்கத்தில் அறிக்கை கேட்டிருந்தார். அலாரப் பதிவை அச்செடுக்கும் இடத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதைத் தொட்டால் நேரம் விநாடியோடு வரும், தொடாவிட்டால் நிமிஷத்தோடு நின்றுவிடும். அண்ணியின் கை மவுஸோடு அந்தக் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. நான் எதையும் மாற்றவில்லையே, இருப்பது இருக்கிறபடிதானே வருகிறது என்று அவள் நினைத்தாள். கட்டத்தைத் தொடாமல் அச்செடுத்தாள். தாளில் பத்து நாற்பத்திரண்டுக்கு அலாரம் வந்தது, பத்து நாற்பத்திரண்டுக்குச் சின்னவள் பார்த்தாள் என்று இருந்தது. ஒரு பொய்கூட இல்லாத தாள்.

புதன்கிழமை காலை மேலாளர் அறையில் நாலு பேர். தலைமை மருத்துவர் தாளைப் படித்துவிட்டுச் சின்னவள் பக்கம் நகர்த்தினார். அவர் கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் மோசம். பார்த்தேன் என்று அழுத்திவிட்டு ஏன் அம்மா யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார். சின்னவள் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். காப்பாற்று என்று கேட்கிற பார்வை இல்லை அது, கணக்குச் சரியாக வருகிறதா என்று வாத்தியாரைப் பார்க்கிற பார்வை. அண்ணி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு அழுத்தின ஞாபகம் இல்ல சார். ஆனா அண்ணி வச்ச சிஸ்டம் தப்பாக் காட்டாது. நான்தான் அழுத்தியிருப்பேன்.”

தன்னைப் பற்றி இப்படி ஒரு நற்சான்றிதழை அண்ணி அதுவரை வாங்கியதில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒன்று இடித்தது. அதற்குள் மேலாளர் தொண்டையைக் கனைத்தார். தவறை ஒப்புக்கொண்டு திங்கட்கிழமைக்குள் ஒரு கடிதம் கொடுக்கட்டும், கட்டுப்பாட்டு அறையில் தொடர்ந்து வைத்துக்கொள்வதா என்று அதன்பின் பார்க்கலாம் என்றார். தலைமை மருத்துவர் எழுந்தார். போகும்போது அண்ணியிடம், நல்லவேளை உங்கள் அலாரமாவது சரியாக வேலை செய்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கெல்லாம் அண்ணி தன் மனசோடு பேரம் பேசினாள். சின்னவளை வேலையை விட்டா அனுப்பப்போகிறார்கள், வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள், அவ்வளவுதானே. தான் சொன்னாலோ சர்வர் அறை போகும், பதினெட்டு வருஷப் பேர் போகும், நாளைக்கு இந்த மாடிப்படியில் எப்படி ஏறுவது. தவிர, சின்னவளே ஒப்புக்கொண்டுவிட்டாள். இந்தக் கடைசி நியாயம் மனசில் வந்தபோது அவளுக்கே தன்மேல் குமட்டியது. குமட்டினாலும் அதையும் மற்ற நியாயங்களோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சின்னவள் மாடியிலிருந்து இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றாள். அண்ணியின் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை. சின்னவள் கையில் வெறும் தேநீர்க் கோப்பை, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மாவுக்கு எப்படி அண்ணி ஆரம்பிச்சது? நீங்கதானே கூட இருந்து பார்த்தீங்க.”

மாமியார் கடைசி ஏழு வருஷம் ஞாபகமறதி நோயில்தான் கிடந்தார். பெற்ற மகளையே யார் நீ என்று கேட்டார். கூட இருந்து குளிப்பாட்டி, ஊட்டி, கடைசிவரை பார்த்தது அண்ணிதான். அந்த வீட்டில் யாரும் மறக்காத நன்றி அது. சின்னவள் எதற்காகக் கேட்கிறாள் என்று அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. உனக்கு ஒன்றும் இல்லையடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வருமே. அடுப்பைத் துடைத்தபடியே, உள்ளதை உள்ளபடி சொன்னாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுவார், பற்றவைக்கவே இல்லை என்று சாதிப்பார், கை தானாக ஒரு வேலையைச் செய்யும், மனசுக்கு அது தெரியாது, அப்படித்தான் ஆரம்பித்தது. சின்னவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மேலே போனாள்.

வியாழக்கிழமையிலிருந்து சின்னவள் தன்னைத்தானே வேவு பார்க்க ஆரம்பித்தாள். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்தவள், இப்போது தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து இழுத்தாள். காலையில் என்ன சட்டை போட்டிருந்தாய் என்று அண்ணனிடம் கேட்டு, தான் ஞாபகத்திலிருந்து தாளில் எழுதி வைத்ததோடு ஒத்துப்பார்த்தாள். அவளுடைய அண்ணன், அதாவது அண்ணியின் வீட்டுக்காரர், முதலில் சிரித்தார். அன்று இரவே சிரிப்பு போய்விட்டது. அவளிடம் அவர் பார்த்தது அவருடைய அம்மாவின் முகம்.

அலுவலகத்தில் அதைவிட மோசமான ஒன்று நடந்தது. அன்று அண்ணி கீழ்த்தளத்துக்கு ஏதோ வேலையாக இறங்கினாள். ரத்தம் எடுக்கும் கூடத்தில், திரும்ப வரச்சொன்ன ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சட்டைக்கையைச் சுருட்டியவர்கள், முழங்கையில் பழைய பஞ்சு ஒட்டியிருந்தவர்கள். ஒரு அம்மா மடியில் குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அதற்கு ஊசியைப் பார்க்க வேண்டியதில்லை, கூடத்தைப் பார்த்ததுமே அழுதது. சின்னவள் ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை அனுப்பவில்லை. தானாக வந்திருக்கிறாள். நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்து வாங்கிய ஒரு பெரியவரிடம் அவள் சொன்னது படிக்கட்டில் நின்ற அண்ணிக்குக் கேட்டது.

“என்னாலதான் ஐயா. மன்னிச்சுக்குங்க.”

பெரியவர், பரவாயில்லை அம்மா, எல்லாருக்கும் வருவதுதான் என்று அவளைத் தேற்றினார். அண்ணி வந்த வேலையை விட்டுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் சுவரோரமாகப் படியேறினாள். சொந்த அலுவலகத்தில் திருடிபோல் படியேறுவது எப்படியிருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டாள். மாடிக்கு வந்து மேலாளர் அறைக் கதவுவரை போனாள். அவர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நல்லதாயிற்று என்று திரும்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை அவர் தனியாகத்தான் இருந்தார். அன்று அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

வீட்டுக்காரர் சனிக்கிழமைக்கு நினைவாற்றல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தார். அவரே கூட்டிப்போக நினைத்தார், ஆனால் சின்னவள் அண்ணிதான் வரவேண்டும் என்றுவிட்டாளாம். அண்ணி கூட இருந்தால் தைரியமாக இருக்கும் என்று சொன்னாளாம். என் அம்மாவைப் பார்த்த மாதிரி இவளையும் நீதான் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றார். அண்ணி சரி என்றாள். வேறு என்ன சொல்வது என்று தெரியாதவர்கள் சொல்கிற சரி.

மருத்துவர் சின்ன வயதுப் பெண், முகத்துக்குப் பெரிய கண்ணாடி. அவசரப்படாமல் கேட்டாள். இன்றைக்கு என்ன தேதி, என்ன கிழமை. நாற்காலி, மழை, சாவி என்று மூன்று சொற்களைச் சொல்லி, பிறகு கேட்பேன், மனசில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச்சொன்னாள். சின்னவள் தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் மடியில் விரல்கள் ஒன்றையொன்று பிசைந்தன. வீட்டு வரவு செலவையெல்லாம் மனக்கணக்காகவே போடுகிறவள், எழுபத்தொன்பதில் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு கடிகாரம் வரையச்சொன்னாள் மருத்துவர், முள்களை எந்த நேரத்துக்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்றாள். சின்னவள் வட்டம் போட்டு, எண்களை ஒழுங்காக எழுதி, முள்களைப் பத்து நாற்பத்திரண்டுக்கு வைத்தாள்.

இதென்ன நேரம் என்று மருத்துவர் கேட்க, சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். அலாரம், பொத்தான், நூற்றெண்பத்தாறு பேர். தான் அழுத்தியதாகப் பதிவு இருப்பதையும், தனக்கு அதில் ஒரு துளிகூட ஞாபகம் இல்லாததையும் சொன்னாள். அம்மாவையும் சொன்னாள். மகளுக்கு இன்னும் எதுவும் தெரியாது, படிப்பு முடிகிறவரை சொல்லவேண்டாம் என்று இருக்கிறேன், அதற்குள் எனக்கு எவ்வளவு தூரம் போகும் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றாள். அழவில்லை. எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு வந்தவள்போல் பேசினாள்.

மருத்துவர் அண்ணி பக்கம் திரும்பினாள். கோப்பில் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பேனாவை எடுத்துக்கொண்டாள். கூடவே இருப்பவர்கள் சொல்வதுதான் எங்களுக்கு முக்கியம், வீட்டிலும் வேலையிலும் நீங்கள் பார்க்கிறீர்கள், நீங்கள் என்ன கவனித்தீர்கள் என்று கேட்டாள்.

பேனா முனை தாளைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தது. தான் என்ன சொல்கிறாளோ அது அந்தக் கோப்பில் ஏறும், சின்னவளின் பேருக்குக் கீழே காலம்பூராவும் இருக்கும். இதற்கு முன்பும் ஒருதடவை கேட்காமல் அவளுடைய பேரைப் போட்டாயிற்று.

“இவ அழுத்தல டாக்டர். நான் எழுதி வச்ச ஒரு விதி, அதுவா அழுத்திடுச்சு. இவ பேர்ல.”

மருத்துவருக்குப் புரியவில்லை. அண்ணி மருத்துவரைப் பார்த்தே சொல்லிக்கொண்டு போனாள், பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கத் திராணி இல்லை. சோதனை வாரம், நாலு வரி, எடுக்க மறந்தது, ஒரே விநாடியில் வந்ததும் அழுத்தியதும், தாளில் விநாடி இல்லாமல் அச்செடுத்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். இவளுக்கு அன்று திரையில் சிவப்பே வந்திருக்காது, மணியே அடித்திருக்காது, ஞாபகம் வைத்துக்கொள்ள அங்கே எதுவுமே நடக்கவில்லை என்றாள். சொல்லி முடித்ததும் மருத்துவர் மெதுவாகப் பேனாவை மூடினாள்.

அண்ணி அடியை எதிர்பார்த்தாள். குறைந்தது ஒரு வசவையாவது. சின்னவள் வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினால், சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிய.

“அப்போ நான் எதையும் மறக்கலையா?”

மறக்கவில்லை என்று அண்ணி தலையாட்டினாள். நாற்காலி, மழை, சாவி என்றாள் சின்னவள் மருத்துவரிடம், யாரும் கேட்காமலே. எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து, ஐம்பத்தெட்டு என்று மளமளவென்று இரண்டுவரை இறங்கினாள். மருத்துவரும் சிரித்துவிட்டாள். சின்னவள் அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நல்லவேளை சொன்னீர்கள் அண்ணி, நல்லவேளை சொன்னீர்கள் என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அந்த ஈரம் கையில் பட்டபோது அண்ணிக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம்போல் வெட்கமாக இருந்தது.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். நல்ல வெயில். சின்னவள் அண்ணனுக்குக் கூப்பிட்டு, ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றுமே இல்லை, வந்து சொல்கிறேன் என்றாள். மகளுக்குக் கூப்பிட்டு ஒரு காரணமும் இல்லாமல் சாப்பிட்டாயா என்று கேட்டாள். அண்ணிக்கு இதற்குமேல் ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப்போடப் பயமாக இருந்தது. தள்ளிப்போட்டால் தான் என்ன செய்வாள் என்று இந்த ஐந்து நாளில் அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. அங்கேயே நின்று மேலாளரைக் கூப்பிட்டாள்.

மேலாளர் நடுவில் பேசாமல் கேட்டார். அலாரம் சரியாக வேலை செய்யவில்லை, அதற்குக் காரணம் நான், சின்னவள் கடிதம் எதுவும் தரவேண்டியதில்லை, நான்தான் தரவேண்டும் என்று அவள் சொல்லி முடித்தபிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கு அண்ணி சொன்ன பதில் பக்கத்தில் நின்ற சின்னவளுக்கும் கேட்டது.

“செவ்வாய்க்கிழமையே தெரியும் சார். அன்னைக்கு மத்தியானமே.”

திங்கட்கிழமை தலைமை மருத்துவர் முன்னால் இதையே சொல்லுங்கள் என்றுவிட்டு மேலாளர் வைத்துவிட்டார். எப்போதும் வைப்பதற்கு முன் சொல்லும் அண்ணி என்ற சொல்லை இன்று சொல்லவில்லை. அவள் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். சின்னவள் முகத்தில் இருந்த சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை, ஆனால் கண்கள் எதையோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தன. செவ்வாய். புதன் காலை. புதன் சாயங்காலம். அவளுக்குத்தான் ஞாபகசக்திக்கு ஒரு குறைச்சலும் இல்லையே, ஒவ்வொரு நாளாக அவள் நடந்து வருவதை அண்ணி பார்த்துக்கொண்டே நின்றாள். புதன் சாயங்காலத்துக்கு வந்ததும் சிரிப்பு போயிற்று.

“ஆபீஸ்ல பயந்துட்டீங்க, சரி, அது எனக்குப் புரியுது அண்ணி. வீட்டுல யாருக்குப் பயந்தீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் வரும் என்று அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணி அலுவலகத்துக்கு வைத்திருந்த நியாயங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், ஒன்றுகூட அந்தச் சமையலறைக்குப் பொருந்தவில்லை. அங்கே இருந்தது அவர்கள் இருவர் மட்டும். பேருந்து வந்து நின்றது. சின்னவள் இன்னும் ஒரு கணம் பார்த்துவிட்டு ஏறினாள், அண்ணி பின்னால் ஏறி, அவளுக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்தாள்.